இமை முடிக்கு கிளாக்கோமா மருந்து: எங்கே தவறு செய்கிறோம்?

கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய்க்காக பைமாட்டோப்ரோஸ்ட் சொட்டு மருந்து போட்டவர்களுக்கு இமை முடி நீண்டு, கறுத்து, அடர்த்தியாக வளர்ந்தது. ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டவர்களிடம் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பக்கவிளைவே பிறகு தனி மருந்தாகி, 2008 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதியோடு லாட்டிஸ் என்ற பெயரில் வந்தது. 2001-இல் கிளாக்கோமாவுக்கு வந்த லூமிகன் சொட்டு மருந்திலும் இதே 0.03 சதவீத பைமாட்டோப்ரோஸ்ட்தான் இருந்தது. சரி, அப்படியானால் வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இமை முடிக்காக இதைக் கண்ணுக்குள் விடவே கூடாது. மேல் இமையில் முடி முளைக்கும் ஓரத்தில், இரவில் ஒரு முறை, மெல்லிய கோடாகத் தடவ வேண்டும். கீழ் இமைக்குத் தேவையில்லை. கண் சிமிட்டும்போது கொஞ்சம் தானாகவே அங்கும் போய்விடும். வழிந்ததை உடனே ஒற்றி எடுங்கள். மருந்து தொடர்ந்து படும் வேறு இடத்திலும் முடி முளைக்கலாம். தூரிகை ஒரு கண்ணுக்கு ஒன்று, ஒரே ஒரு முறை. அதையே கழுவி மறுநாளும் பயன்படுத்தினால் கிருமித் தொற்றுக்கு நாமே வழி விடுகிறோம்.

பலன் தெரிய இரண்டு மாதம், முழுதாகத் தெரிய நான்கு மாதம் ஆகும். பொறுமையிழந்து இரண்டு வேளை தடவுவதால் முடி வேகமாக வளராது. நிறுத்தினால் முடி மெல்லப் பழைய நிலைக்கே திரும்பும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, "அழகுக்குத்தானே" என்று மருத்துவரைப் பார்க்காமலே தொடங்குவது. இமைத் தோல் கறுத்தால் நிறுத்தியபின் பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம் பழுப்பேறினால் அது அநேகமாக நிரந்தரம். கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு கரைந்து, மேல் இமை குழிவிழுந்து கண் உள்வாங்கியதுபோல் ஆவதும் உண்டு. அழகுக்காகத் தொடங்கியவருக்கு இது எவ்வளவு வேதனை! கண்ணின் உள்ளே அழற்சி இருந்தவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதைக் கழற்றிவிட்டுத் தடவி, 15 நிமிடம் கழித்தே திரும்பப் போட வேண்டும். மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடை மென்மையான லென்ஸ் உறிஞ்சிக்கொள்ளும்.

அப்புறம், கிளாக்கோமா உள்ளவரின் குப்பியிலிருந்து எடுப்பது. அவருக்கு அது பார்வையைக் காக்கும் மருந்து. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. அடுத்தவர் கைபட்ட குப்பி அவர் கண்ணுக்குள் தொற்றைக் கொண்டுபோகலாம். அவரும் முடி நன்றாக வளரட்டும் என்று கூடுதல் வேளை போடக் கூடாது. நாளுக்கு ஒரு முறைக்கு மேல் போனால் கண் அழுத்தத்தைக் குறைக்கும் வேலையே மட்டுப்படலாம்.

இமை முடிக்கு இதைத் தடவுபவர்கள் கண் பரிசோதனைக்குப் போகும்போது அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கண் அழுத்த அளவை மருத்துவர் சரியாகப் புரிந்துகொள்ள அந்தத் தகவல் அவருக்கு வேண்டும்.