ஒரே தாளில் இருபது கைகள்

போன மாதம் எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த இரண்டு பேர், முதல் நாளே நூல் பட்டியலை கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, ‘லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்’ என்று வைத்து, மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடத்துக்கு முன்னால் அச்சு அசலாக இதையே செய்தவள் நான்.

இணையக் கருவிகளில் பலர் சேர்ந்து வேலை செய்யும்போது நடக்கும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டாதீர்கள், நெட் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஒரு நெடுவரிசையை மட்டும் அகர வரிசையாக்குவது

இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வரும் தவறு இதுதான். அந்த வருடம் ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு, அதாவது இருக்கும் புத்தகங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க, இருபது மாணவர்களைச் சேர்த்துக்கொண்டேன். பொதுவாக ஒரு இணையத் தாள். அதில் அக்சஷன் எண் (நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் வரிசை எண்), தலைப்பு, ஆசிரியர், கால் நம்பர் (பொருள்வாரியாக நூலை அடுக்க உதவும் எண்), ரேக் என்று ஐந்து நெடுவரிசைகள். யாரோ ஒரு பிள்ளை, தலைப்புகளை அகர வரிசையில் பார்க்கலாமே என்று நினைத்து, தலைப்பு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து ‘சார்ட்’ கொடுத்துவிட்டது. தலைப்புகள் இடம் மாறின. மற்ற நான்கும் அப்படியே நின்றன. சிவப்புக் கோடு இல்லை, எச்சரிக்கை இல்லை. தாள் பார்க்க முன்பைவிட ஒழுங்காக இருந்தது, அதுதான் கொடுமை.

மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாணவி தாவர உள்ளமைப்பியல் புத்தகம் கேட்டு வந்தாள். தாள் சொன்ன ரேக்கில் போய்ப் பார்த்தால் கணக்குப்பதிவியல். புத்தகத்தை இடம் மாற்றி வைத்துவிட்டார் என்று உதவியாளர் அண்ணனைச் சத்தம் போட்டேன். (அவரிடம் இன்னும் முறையாக மன்னிப்புக் கேட்கவில்லை.) அடுத்த நாள், உயிர்வேதியியல் நூல் ஒன்றின் பக்கத்தில் 894.811 என்று நின்றது. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூவி முறையில் அது தமிழ் இலக்கியத்துக்கான எண். அப்போதுதான் உறைத்தது.

பழைய பதிப்பை மீட்டுவிடலாமே என்பீர்கள். தாளின் முந்தைய நிலைகளைச் சேமித்து வைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய பதிப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை மீட்டால் மூன்று வாரம் இருபது பேர் பதிந்தது போய்விடும். சரி, தலைப்பு நெடுவரிசையை மட்டும் பழையதிலிருந்து எடுத்து ஒட்டலாம் என்றால், இடையில் சிலர் வரிகளை நீக்கியிருந்தார்கள், சிலர் நடுவில் சேர்த்திருந்தார்கள். இன்னும் சிலர், பாவம், தலைப்பு தப்பாக இருக்கிறதே என்று தாங்களே அங்கங்கே திருத்தியும் வைத்திருந்தார்கள். யார் செய்தது என்று பார்த்தால் பெயரே இல்லை. லிங்க் வழியாக வந்தவர்கள் பலர் லாகின் செய்யாமல் நுழைந்தவர்கள். கடைசியில் ரேக் ரேக்காகப் புத்தகத்தை இறக்கி, முத்திரைப் பக்கத்தைப் பார்த்து, ஒவ்வொரு வரியாகச் சரிசெய்தோம். கோடை விடுமுறை முழுதும் அதில் போனது.

தப்பு அந்தப் பிள்ளையுடையது அல்ல. தாளை அப்படித் திறந்து வைத்தது நான். இப்போது மாணவர்களை மூலத் தாளுக்குள் விடுவதே இல்லை. அவர்களுக்கு ஒரு கூகுள் ஃபார்ம். அதில் பதிவது தனித் தாளில் விழும், நான் பார்த்த பிறகு மூலத்துக்குப் போகும். மூலத் தாளில் திருத்தும் உரிமை மின்னஞ்சல் முகவரி கொடுத்த மூன்று பேருக்கு மட்டும். அந்த மூன்று பேரும் தங்கள் வசதிக்கு வரிசை மாற்றிப் பார்க்க ‘ஃபில்டர் வியூ’ பயன்படுத்தவேண்டும். அதில் எப்படி வரிசை மாற்றினாலும் அடுத்தவர் பார்வை மாறாது. அப்புறம், வெள்ளிக்கிழமைதோறும் கண்ணை மூடிக்கொண்டு பத்து வரிகளைத் தேர்ந்தெடுத்து ரேக்கில் போய்ச் சரிபார்க்கிறோம். பத்து நிமிட வேலை.

முன்னால் உள்ள பூஜ்யம்

அக்சஷன் எண்ணை 00417 என்று அடித்தால் 417 ஆகிவிடும். நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன், பத்து இலக்கமாகப் பூஜ்யத்தில் தொடங்கினால் அதற்கும் அதே கதி. அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘பிளெய்ன் டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது.

பாமினியில் அடித்த தமிழ்

பாமினி யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு. வேண்டாம். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது.

விக்கிப்பீடியா பயிலரங்கில் ஏழாவது மாணவர்

நாற்பது பேரை உட்காரவைத்து, எல்லோரும் கணக்கு தொடங்குங்கள் என்பார்கள். ஆறு பேருக்கு வேலை செய்யும், ஏழாமவருக்குச் செய்யாது. ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குதான் தொடங்க முடியும். கல்லூரி வைஃபை முழுக்க வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத்தான் பெரும்பாலும் தெரியும். முந்தைய நாளே வீட்டிலிருந்து கணக்கு தொடங்கி வரச் சொல்லுங்கள். விக்கி நிர்வாகிகளிடம் முன்கூட்டியே சொன்னாலும் வழி செய்வார்கள். பாடப்புத்தகத்தைப் பார்த்து அப்படியே அடித்தால் பதிப்புரிமைச் சிக்கலில் கட்டுரையே நீங்கும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பது

வகுப்புக் குறிப்புகளை விக்கிஸ்பேசஸ் என்ற இலவச விக்கித் தளத்தில் சேர்த்தவர்களுக்கு 2018-இல் அது மூடப்பட்டது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டில் பலகை பலகையாக எழுதியவர்களுக்கு 2024 டிசம்பர் 31. இலவசக் கருவி எதையும் பயன்படுத்துங்கள். ஆனால் பருவம் முடியும்போது பிடிஎஃப் ஆகவாவது இறக்கி நூலகக் கணினியில் வையுங்கள். இறக்க வழியே இல்லாத கருவியா? அதில் தொடங்காதீர்கள்.

மாணவரின் கைபேசி எண்

திறந்த தாளில் கூடவே கூடாது.

பெயரில்லாத பதிப்புகள்

பெரிய மாற்றம் எதுவும் செய்வதற்கு முன்னால், அப்போதைய பதிப்புக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள். ‘ஜூன் சரிபார்ப்புக்கு முன்’ என்பது மாதிரி. பிறகு தேதி தேதியாகத் தேடவேண்டாம். பயிற்சிக்கு வந்த இருவரிடமும் இதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். நேற்று அவர்கள் தாளைத் திறந்து பார்த்தேன். முதல் பதிப்பின் பெயர்: ‘மேடம் திட்டுவதற்கு முன்’.