சிக்னல் கேமரா ஃபுட்டேஜ் வேணுமா? ஆர்டிஐக்கு முன்னாடி ஒரு லெட்டர் குடுங்க

போன வருஷம் என் தம்பி பைக்க ஒரு சிக்னல்ல கார்காரன் ஒருத்தன் இடிச்சிட்டு நிக்காம போய்ட்டான், தம்பிக்கு கால்ல மாவுக்கட்டு, பைக்குக்கு முன்னாடி பக்கம் மொத்தமும் காலி, அண்ணாந்து பாத்தா கம்பத்துல மூணு கேமரா. அதான் எல்லாம் பதிவாயிருக்குமேன்னு தைரியமா ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், மெக்கானிக்னு அலைஞ்சிட்டு மூணு வாரம் கழிச்சு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு) போட்டோம். 29வது நாள் பதில் வருது, "கோரப்பட்ட பதிவு தற்போது இருப்பில் இல்லை"ன்னு.

கோவம் வந்துச்சு, ஆனா யோசிச்சா அவங்க பொய் சொல்லல. ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சதும் பழசு மேலயே புதுசு பதிவாகும், நிறைய இடத்துல 15 நாள் இல்ல 30 நாள்தான் தாங்கும். ஆர்டிஐ சட்டம் பதில் சொல்ல குடுக்குற டைமே 30 நாள். அப்போ அவங்க சட்டப்படி கரெக்டா பதில் சொன்னாலும் நமக்கு வீடியோ கிடைக்காது. (போலீஸ் ஸ்டேஷன் கேமரா பதிவ ஒன்றரை வருஷம் வைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2020ல சொல்லுச்சு, அத ரோட்டு கேமராவுக்கும் போட்டுக் குழப்பிக்காதீங்க, அது ஸ்டேஷனுக்குள்ள இருக்கறதுக்கு மட்டும்.)

அதனால சம்பவம் நடந்த அன்னிக்கோ மறுநாளோ, ஆர்டிஐ எல்லாம் அப்புறம், ஒரு வெள்ளப் பேப்பர்ல சாதாரண மனு எழுதுங்க. எந்த ஜங்ஷன், எந்தப் பக்கம் போற ரோடு, தேதி, நேரம், அதுக்கு முன்னாடி 15 நிமிஷம் பின்னாடி 15 நிமிஷம் சேத்து, இந்தப் பதிவ அழியாம தனியா எடுத்து வைக்கணும்னு கேளுங்க. ஸ்டேஷன்ல குடுத்துட்டு, உங்க காப்பில சீலும் தேதியும் வாங்காம வெளிய வராதீங்க. சென்னைல விபத்துன்னா போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பாக்கும், அங்க குடுக்கணும். சிஎஸ்ஆர் (புகார் வாங்கிட்டோம்னு ஸ்டேஷன்ல தர்ற ரசீது), எஃப்ஐஆர் எதுவா இருந்தாலும் நம்பர மனுல எழுதிருங்க. விசாரிக்கற அதிகாரியே ஃபுட்டேஜ எடுத்துட்டார்னா பாதி கவல தீந்துச்சு.

அடுத்தது கேமரா யாரோடதுன்னு பாக்கணும், இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. கம்பத்துல இருக்கறதெல்லாம் போலீஸோடது இல்ல. சில இடத்துல மாநகராட்சி வச்சிருக்கும், ஹைவேஸ்ல டோல்கேட் பக்கம்னா தேசிய நெடுஞ்சாலை ஆணையம், அது மத்திய அரசு, அதுக்கு மத்திய அரசோட ஆர்டிஐ ஆன்லைன் தளத்துலயே போட்டுறலாம். எதிர்ல இருக்கற டீக்கட, நகைக்கடை கேமராவுக்கு ஆர்டிஐயே கிடையாது, நேர்ல போய் ஓனர்கிட்ட தன்மையா கேக்கணும். உண்மையச் சொன்னா அதுலதான் வீடியோ தெளிவா இருக்கும்.

போலீஸ் கேமரான்னா மாநகரத்துல ஆணையர் அலுவலகம், மாவட்டத்துல எஸ்பி ஆபீஸ், அங்க இருக்கற பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. ஆபீஸ் மாறிப் போனாலும் பிரிவு 6(3) படி 5 நாளுக்குள்ள சரியான ஆபீஸுக்கு அவங்களே மாத்தி விடணும், ஆனா அந்த அஞ்சு நாளும் நமக்கு நஷ்டம்தான். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும். ரிஜிஸ்டர்டு போஸ்ட்ட 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதனால ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி டெலிவரி ஆனதுக்கு ஆதாரம் வச்சுக்கங்க, 30 நாள் கணக்கு அங்க கைக்குக் கிடைச்ச தேதில இருந்துதான்.

எழுதறப்போ "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னெல்லாம் கேக்காதீங்க, ஏன் எதுக்குன்னு கேட்டா அது தகவலே இல்லன்னு ஒரு வரில முடிச்சுருவாங்க. கையில இருக்கற பதிவோட நகல மட்டும் கேளுங்க. நான் ரெண்டாவது தடவ வேற ஒரு விஷயத்துக்குப் போட்டப்போ இப்படி எழுதினேன்:

"தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)ன் கீழ், மேற்படி சந்திப்பில் குறிப்பிட்ட நாளில் மாலை 6.15 முதல் 6.45 வரை பதிவான கண்காணிப்பு கேமரா காட்சிகளின் நகலை மின்னணு வடிவில் வழங்கவும். பதிவு அழிக்கப்பட்டிருப்பின், அழிக்கப்பட்ட தேதி மற்றும் அதற்கான விதி அல்லது உத்தரவின் நகலை வழங்கவும்."

அந்தக் கடைசி வரி முக்கியம். அழிஞ்சு போச்சுன்னா எப்போன்னு தேதி சொல்லணும், நீங்க மனு குடுத்த தேதிக்கு அப்புறம் அழிஞ்சிருந்தா சீல் போட்ட காப்பி அப்போ பேசும். எதுக்கு வேணும்னு காரணம் சொல்லத் தேவையில்ல, 6(2)லயே இருக்கு. சிலர் உயிர், சுதந்திரம்னு போட்டு 48 மணி நேரத்துல கேக்கச் சொல்லுவாங்க, வண்டி இடிச்ச கேஸுக்கு அது நிக்காது, விட்டுருங்க.

மறுப்பு வந்தா பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒண்ணு ஆர்டிஐ சட்டம் பிரிவு 8(1)(எச்), விசாரணைக்கு இடைஞ்சலாம். விசாரணை நடக்குதுன்னு சும்மா சொன்னா போதாது, எப்படி இடைஞ்சல்னு காட்டணும்னு டெல்லி ஐகோர்ட் 2007லயே பகத் சிங் வழக்குல சொல்லிருச்சு, அத மேல்முறையீட்டுல எழுதுங்க. இன்னொண்ணு 8(1)(ஜே), அடுத்தவங்க தனிப்பட்ட விவரம். இது 2025 நவம்பர்ல டேட்டா பாதுகாப்புச் சட்டம் மூலமா திருத்தினதுக்கு அப்புறம் ரொம்ப டைட்டாயிருச்சு. ஆனா பொதுநலன் பெருசுன்னா குடுக்கலாம்னு சொல்ற 8(2) அப்படியேதான் இருக்கு, குடுக்கக் கூடாதத எடுத்துட்டு மிச்சத்தக் குடுக்கச் சொல்ற பிரிவு 10ம் இருக்கு. மத்தவங்க முகத்த மறைச்சுக் குடுங்கன்னு நீங்களே எழுதிருங்க.

பதில் வந்தா வந்த நாள்ல இருந்து, வரலன்னா 30 நாள் கெடு முடிஞ்சதுல இருந்து, 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. அதுலயும் நடக்கலன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம். அங்க ரொம்ப லேட்டாகும். தப்பு நிரூபணமானா அதிகாரிக்கு ஒரு நாளைக்கு 250 ரூபா, அதிகபட்சம் 25,000 வரை அபராதம், ஆனா அழிஞ்ச வீடியோ திரும்பி வராது.

இ-சலான் வந்து அதுக்காக ஃபுட்டேஜ் தேடறவங்களுக்கு நிலம கொஞ்சம் பரவால்ல. 2021 ஆகஸ்ட்ல வந்த மோட்டார் வாகன விதி 167ஏ படி கேமரால புடிச்ச மின்னணுப் பதிவ சலான் முடியற வரைக்கும் வச்சிருக்கணும், அதனால "இருப்பில் இல்ல"ன்னா அந்த விதிய எடுத்துக் காட்டுங்க. கேமராவுக்கு ஒப்புதல் சான்றிதழும் வேணும், அத வருஷா வருஷம் புதுப்பிக்கணும். அந்தச் சான்றிதழ் நகலையும் சேத்துக் கேளுங்க, சில சமயம் வீடியோவ விட அதுதான் வேல செய்யும்.

வழக்குக்கு வேணும்னா, சிடி வந்ததோட முடியல, 2024 ஜூலைல இருந்து புது சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) பிரிவு 63(4) சான்றிதழ் வேணும், பழைய சட்டத்துல இருந்த 65பி சான்றிதழ் மாதிரிதான், அதோட ஹாஷ் வேல்யூவும் (ஃபைல மாத்தலன்னு காட்டற, கைரேகை மாதிரி ஒரு கோடு) போடணும். வக்கீல்கிட்ட சொன்னா கோர்ட் மூலமாவே பதிவ கொண்டுவரச் சொல்லி மனு போடுவார், ஆர்டிஐ பதிலுக்குக் காத்திருக்காம அதையும் கூடவே பண்ணுங்க. சிடி கைக்கு வந்ததும் ஓடுதா, நேரம் சரியான்னு அன்னிக்கே பாத்துருங்க, ஒரிஜினல தொடாம ஒரு காப்பி போட்டு அதப் பாருங்க, வாட்ஸ்ஆப்ல அனுப்பினது சுருங்கிரும், நம்பர் பிளேட்டே தெரியாது.