பீச் சாக்கர் உலகக் கோப்பைக்கு யார், எப்படி வந்தார்கள்? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே மாதம் செஷல்ஸ் தலைநகர் விக்டோரியாவில் நடந்த ஃபிஃபா பீச் சாக்கர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசில் 4-3 என்று வென்றது. எதிரில் நின்ற அணி பெலாரூஸ். கால்பந்து உலகக் கோப்பையிலோ ஐரோப்பியக் கோப்பையிலோ ஒருமுறைகூட ஆடத் தகுதி பெறாத நாடு, மணலில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கு ஒரே ஒரு கோல் தூரத்தில் நின்றது. அந்த முடிவைப் பார்த்த பலருக்கு வியப்பு. கடற்கரைக் கால்பந்தைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு அவ்வளவு வியப்பில்லை. புல்தரைக் கால்பந்தில் பழகிய கணக்கை அப்படியே மணலுக்குக் கொண்டுவந்து போட்டால் விடை தப்பாகத்தான் வரும். யார் தகுதி பெற்றார்கள், ஏன் பெற்றார்கள் என்று எழுதும்போதும் பேசும்போதும் இந்தப் பழக்கம்தான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

பெயரைப் பார்த்து எடை போடுவது

முதல் தவறு இதுதான், அதிகம் நடப்பதும் இதுதான். செஷல்ஸ் தொடரின் 16 அணிகளைப் பாருங்கள்: செஷல்ஸ், ஜப்பான், ஈரான், ஓமன், செனகல், மௌரிதானியா, எல் சால்வடோர், குவாத்தமாலா, பிரேசில், பராகுவே, சிலி, தஹித்தி, இத்தாலி, போர்ச்சுகல், ஸ்பெயின், பெலாரூஸ். ஜெர்மனி இல்லை, இங்கிலாந்து இல்லை, அர்ஜென்டினா இல்லை. 'பெரிய அணிகள் வராத தொடர்' என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்த ஆட்டத்தில் பெரிய அணி யார் என்ற வரிசையே வேறு.

தஹித்தியை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு பொலினீசியா முழுவதும் சேர்த்தே மக்கள்தொகை மூன்று லட்சத்துக்குள்தான். அந்தத் தீவு 2013இல் தலைநகர் பப்பேட்டேவில் உலகக் கோப்பையை நடத்தி நான்காம் இடம் பிடித்தது. 2015இல் போர்ச்சுகலின் எஸ்பின்யோ நகரில் இறுதி ஆட்டம் வரை வந்து, சொந்த மண்ணில் ஆடிய போர்ச்சுகலிடம் 5-3 என்று தோற்றது. 2017இல் பஹாமாஸில் மறுபடியும் இறுதி ஆட்டம், இம்முறை பிரேசிலிடம் தோல்வி. அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளில் இறுதிக்கு வந்த அணியைத் 'தீவிலிருந்து வந்த சின்ன அணி' என்று அறிமுகம் செய்வது உழைத்தவர்களுக்குச் செய்யும் அநீதி. எல் சால்வடோர் 2011இல் அரையிறுதி ஆடியது. ஓமன் இதுவரை கால்பந்து உலகக் கோப்பையைத் தொட்டதில்லை. பீச் சாக்கரிலோ ஆசியாவின் முன்வரிசையில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் செனகலை வீழ்த்துவதுதான் மற்ற எல்லா அணிகளுக்கும் இலக்கு.

இதற்குக் காரணம் ஆட்டத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கம் ஐந்து பேர், வெறுங்கால், ஏறத்தாழ 36 மீட்டர் நீள மணல் களம், 12 நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகள், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். பந்து தரையில் சீராக உருளாது. அதனால் பந்தை மேலே தூக்கி, காற்றிலேயே வைத்து ஆட வேண்டும். தலைக்கு மேல் காலை வீசி அடிக்கும் உதை இங்கே அன்றாட ஆயுதம். இது தனிப் பயிற்சி. மணலிலேயே வளர்ந்த பத்துப் பன்னிரண்டு ஆட்டக்காரர்கள் ஒரு நாட்டிடம் இருந்தால் போதும், பல கோடிப் பேர் வாழும் நாட்டையும் எதிர்த்து நிற்கலாம். புல்தரையில் ஆயிரக்கணக்கான கிளப்புகள் வைத்திருக்கும் நாடுகளுக்கு இந்த இடத்தில் எந்தச் சலுகையும் கிடையாது.

சாம்பியனுக்கு இடம் உறுதி என்று எண்ணுவது

'கோப்பையை வென்றவர்கள், அடுத்த முறை நிச்சயம் வருவார்கள்' என்று எழுதிவிடாதீர்கள். ரஷ்யா 2011இல் இத்தாலியின் ரவென்னாவில் பிரேசிலை 12-8 என்று வென்றது. 2013இல் ஸ்பெயினை வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. அதே ரஷ்யா 2017 தொடருக்குத் தகுதி பெறவில்லை. போர்ச்சுகல் 2013க்கு வரவே முடியவில்லை. இரண்டே ஆண்டுகளில், 2015இல், உலகச் சாம்பியன் ஆனது. 2013இல் இரண்டாம் இடம் பிடித்த ஸ்பெயின், 2017, 2019 இரண்டு தொடர்களையும் வீட்டிலிருந்து பார்த்தது. 2021இல் மூன்றாம் இடம் வென்ற சுவிட்சர்லாந்து அதன் பிறகு நடந்த இரண்டு தொடர்களிலும் இல்லை.

எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது பிரான்ஸின் கதை. 2005இல் ஃபிஃபா இந்தப் போட்டியைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்திய முதல் தொடர், ரியோ டி ஜெனிரோவில். எரிக் கன்டோனா பயிற்சியாளர். போர்ச்சுகலுடனான இறுதி ஆட்டம் 3-3 என்று முடிந்து, பெனால்ட்டியில் பிரான்ஸ் கோப்பையை வென்றது. 2008இல் மார்செய் நகரில் தொடரை நடத்தியதும் அவர்களே. அதற்குப் பிறகு நடந்த எந்த உலகக் கோப்பையிலும் பிரான்ஸ் ஆடவில்லை. ஐரோப்பியத் தகுதிச் சுற்று அவ்வளவு கடுமையானது: தரமான அணிகள் ஏராளம், இடங்கள் பெரும்பாலும் நான்குதான்.

2024இல் துபாயில் வென்ற பிரேசிலும் 2025க்குத் தென்னமெரிக்கத் தகுதிப் போட்டியை ஆடித்தான் வந்தது. வழக்கமாக நேரடியாக உள்ளே நுழைவது போட்டியை நடத்தும் நாடு மட்டுமே.

தகுதிச் சுற்றை நீண்ட லீக் போல நினைப்பது

புல்தரைக் கால்பந்தில் தகுதிச் சுற்று ஆண்டுக்கணக்கில் ஓடும். வீட்டில் ஓர் ஆட்டம், வெளியில் ஓர் ஆட்டம். இன்று தோற்றால் அடுத்த மாதம் ஈடுகட்டலாம். மணலில் அந்த வசதி இல்லை. பெரும்பாலும் ஒரு கண்டத்தின் எல்லா அணிகளும் ஓர் ஊரில் கூடி, ஒரு வாரம் பத்து நாளில் முடிவு தெரிந்துவிடும். 2025 தொடருக்கு ஐரோப்பிய அணிகள் ஸ்பெயினின் காதிஸ் நகரிலும், ஆப்பிரிக்க அணிகள் எகிப்தின் ஹுர்காடாவிலும், ஆசிய அணிகள் தாய்லாந்தின் பட்டாயாவிலும் கூடின. ஒரு கெட்ட மாலை, ஒரு கோல்கீப்பரின் காயம், இரண்டு ஆண்டு உழைப்பு போய்விடும். மேலே சொன்ன அணிகள் ஏன் திடீர் திடீரென்று காணாமல் போகின்றன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு தவறு: எந்த ஆட்டம் உண்மையில் முக்கியம் என்று பார்க்காமல் விடுவது. ஆப்பிரிக்காவுக்கு இரண்டு இடங்கள். ஆகவே அங்கே உலகக் கோப்பை வாசல் திறப்பது அரையிறுதியில்தான். 2024 அக்டோபரில் ஹுர்காடாவில் செனகலும் மௌரிதானியாவும் இறுதிக்கு வந்தபோதே இரண்டுக்கும் இடம் உறுதியாகிவிட்டது. இறுதி ஆட்டம் கண்டத்தின் பட்டத்துக்காக மட்டும். மௌரிதானியாவின் வரலாறு அந்த அரையிறுதியில் எழுதப்பட்டது. செய்திகளோ 'இறுதியில் தோற்ற மௌரிதானியா' என்றுதான் தொடங்கும்.

ஆசியாவில் நிலைமை வேறு. இங்கே இடங்கள் மூன்று. அதனால் மற்ற போட்டிகளில் யாரும் கண்டுகொள்ளாத மூன்றாம் இட ஆட்டம், இங்கே தொடரின் நெஞ்சைப் பிசையும் ஆட்டமாகிவிடுகிறது. 2019இல் ஜப்பானும் ஐக்கிய அரபு அமீரகமும் இறுதிக்குப் போய் இடத்தைப் பிடித்துவிட்டன. மிச்சம் ஓர் இடம்; அதற்காக மோதியவை ஓமனும் பாலஸ்தீனமும். ஓமன் வென்று உலகக் கோப்பைக்குப் போனது. பாலஸ்தீனம் ஒரே ஓர் ஆட்டத்தில் அதை இழந்தது. 'ஆறுதல் ஆட்டம்' என்று தலைப்பு வைத்து இதைக் கடந்துபோனால், அந்தத் தொடரின் மிகப் பெரிய செய்தியைத் தவறவிட்டோம் என்று பொருள். ஆசியத் தகுதிப் போட்டியைப் பார்க்க ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால், இறுதி ஆட்டத்தை விட்டுவிட்டு மூன்றாம் இட ஆட்டத்தைப் பாருங்கள் என்பேன்.

இடப் பங்கீட்டை மனப்பாடமாக ஒப்பிப்பது

2006 முதல் 16 அணிகள். வழக்கமான பங்கீடு: ஐரோப்பா 4, ஆசியா 3, தென்னமெரிக்கா 3, ஆப்பிரிக்கா 2, வட மத்திய அமெரிக்கா மற்றும் கரீபியன் 2, ஓசியானியா 1. கூட்டினால் 15. நடத்தும் நாடு சேர்ந்தால் 16. இது 2025க்குச் சரியாகப் பொருந்துகிறது. செஷல்ஸ் தனியாக உள்ளே வந்ததால் ஆப்பிரிக்காவிலிருந்து மூன்று அணிகள். 2024இல் அமீரகம் நடத்தியதால் ஈரான், ஜப்பான், ஓமனோடு சேர்த்து ஆசியாவுக்கு நான்கு. 2013இல் தஹித்தி நடத்தியபோது, ஓசியானியாவின் அந்த ஒற்றை இடம் சாலமன் தீவுகளுக்குப் போய், பசிபிக்கிலிருந்து இரண்டு அணிகள் ஆடின.

ஆனால் 2019ஐப் பாருங்கள். நடத்தியது பராகுவே. தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை பராகுவே, பிரேசில், உருகுவே. மூன்றுதான், நான்கு அல்ல. ஐரோப்பாவிலிருந்து ஐந்து: ரஷ்யா, இத்தாலி, போர்ச்சுகல், சுவிட்சர்லாந்து, பெலாரூஸ். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு எழுதினால் இங்கே தப்பு வந்துவிடும். ஒவ்வொரு தொடருக்கும் பங்கீட்டைப் புதிதாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தகுதி என்றாலே ஆடிப் பெற்றது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2021இல் கொரோனாவால் ஆசியத் தகுதிப் போட்டியும் ஓசியானியத் தகுதிப் போட்டியும் நடக்கவில்லை. ஜப்பான், ஓமன், அமீரகம், தஹித்தி ஆகிய நான்கையும் அந்தந்தக் கண்டக் கூட்டமைப்பே தேர்ந்தெடுத்து அனுப்பியது. ஜப்பான் அந்த முறை இறுதி வரை வந்தது. அந்த நான்கு அணிகளும் தகுதிச் சுற்றை 'வென்றன' என்று எழுதுவது பிழை.

புள்ளிப் பட்டியலைத் தவறாகக் கூட்டுவது

பீச் சாக்கரில் சமநிலை கிடையாது. 36 நிமிடத்தில் சமம் என்றால் மூன்று நிமிடம் கூடுதல் நேரம், அதிலும் சமம் என்றால் பெனால்ட்டி. வழக்கமான நேரத்தில் வென்றால் 3 புள்ளி, கூடுதல் நேரத்தில் வென்றால் 2, பெனால்ட்டியில் வென்றால் 1. தோற்றவருக்கு எதுவும் இல்லை, பெனால்ட்டியில் தோற்றாலும் சுழிதான்.

இதன் விளைவு பலருக்குப் புரிவதில்லை. நான்கு அணிகள் கொண்ட பிரிவில் ஓர் அணி மூன்று ஆட்டங்களையும் பெனால்ட்டியில் வென்றால் அதன் கணக்கில் 3 புள்ளிதான். ஓர் ஆட்டத்தை மட்டும் வழக்கமான நேரத்தில் வென்று மற்ற இரண்டில் தோற்ற அணிக்கும் அதே 3 புள்ளி. 'மூன்றிலும் வென்றார்கள், காலிறுதி நிச்சயம்' என்று எழுதுவதற்கு முன் எப்படி வென்றார்கள் என்று பார்க்க வேண்டும். கடைசி நிமிடத்தில் சமநிலையில் இருக்கும் அணி ஏன் கோல்கீப்பரையே முன்னால் அனுப்பித் தாக்குகிறது என்பதும் இப்போது விளங்கும்.

ஆண்டுகளும் பெயர்களும்

துபாய் தொடர் முதலில் 2023க்கு என்று திட்டமிடப்பட்டு 2024 பிப்ரவரியில் நடந்தது. தகுதிப் போட்டிகள் பல 2023இலேயே முடிந்துவிட்டன. அதனால் ஒரே தொடர் இரண்டு ஆண்டுப் பெயர்களில் குறிப்புகளில் கிடக்கிறது. இரண்டு தொடர் என்று எண்ணிவிடக் கூடாது. பிரேசிலின் பட்டங்கள் 7 என்பதும் 16 என்பதும் இரண்டுமே சரி. ஃபிஃபா நடத்தியவற்றில் 7. அதற்கு முன், 1995 முதல் 2004 வரை பிரேசிலில் ஆண்டுதோறும் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் பத்தில் 9. மீதி ஒன்று, 2001, போர்ச்சுகலுக்கு. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதுவதுதான் தவறு. 2021இல் மாஸ்கோவில் வென்ற அணியும் 'ரஷ்யா' என்ற பெயரில் ஆடவில்லை. ஊக்கமருந்து விவகாரத்தில் விதிக்கப்பட்ட தடை காரணமாக ரஷ்யக் கால்பந்து ஒன்றியத்தின் பெயரில் ஆடியது. 2022இலிருந்து ரஷ்ய அணிகளுக்கு ஃபிஃபா போட்டிகளில் இடமே இல்லை, ஆகவே அண்மைத் தொடர்களில் அவர்கள் 'தகுதி இழந்தார்கள்' என்பதும் பொருந்தாது.

துபாயில் நடந்துவந்த இன்டர்கான்டினென்டல் கோப்பையும், யூரோ பீச் சாக்கர் லீக்கும், 2019இல் தோஹாவில் நடந்த உலகக் கடற்கரை விளையாட்டுகளும் தனித்தனிப் போட்டிகள். அவற்றில் வென்றதை வைத்து ஃபிஃபா உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்ததாக எழுதக் கூடாது.

இந்தியாவைப் பற்றி

2025 மார்ச்சில் பட்டாயாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா நீண்ட இடைவெளிக்குப் பின் ஆடியது. பிரிவு ஆட்டங்களைத் தாண்டவில்லை. அதைக் கேட்டதும் 'நமக்கெல்லாம் இது சரிப்படாது' என்று ஒரு கூட்டம். 'கடற்கரை இவ்வளவு நீளம் இருக்கிறதே, அடுத்த முறை உலகக் கோப்பைதான்' என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே விவரம் பார்க்காத பேச்சு. மாநிலங்களுக்கிடையிலான தேசியப் போட்டி 2023இல்தான் சூரத்தில் நடந்தது; கேரளா வென்றது. அதே ஆண்டு கோவா தேசிய விளையாட்டுகளிலும் பீச் சாக்கர் சேர்ந்தது. அதாவது உள்நாட்டு அடித்தளம் இப்போதுதான் இடப்படுகிறது. ஆசியாவுக்கு இருப்பது மூன்று இடங்கள். ஈரான், ஜப்பான், ஓமன், அமீரகம் என்று அதற்கு ஏற்கெனவே நால்வர் மோதுகிறார்கள். இந்தியா முதலில் குறிவைக்க வேண்டியது பிரிவைத் தாண்டிக் காலிறுதிக்குள் நுழைவது. அதற்குத் தேவை ஆண்டு முழுக்க மணலிலேயே பயிற்சி எடுக்கும் ஓர் அணி. புல்தரை ஆட்டக்காரர்களை மூன்று வாரம் முகாமில் கூட்டி அனுப்பினால், குழந்தைப் பருவத்திலிருந்து மணலில் ஆடும் ஓமன் வீரர்களுக்கு எதிரே அவர்களை நிறுத்துவது அவர்களுக்கே செய்யும் கொடுமை.