முதல் கொலு: மூன்று படியும் ஒரு நோட்டும்

நவராத்திரிக்கு வீட்டில் கொலு வைக்க ஆசை, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா வீட்டில் பார்த்து வளர்ந்தவர்களுக்குக்கூட, தனிக்குடித்தனத்தில் முதல் முறை வைக்கும்போது நூறு சந்தேகம் வரும். பெரும்பாலான ஆண்டுகளில் நவராத்திரி செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரமாகவும் அது அடிக்கடி அமைந்துவிடும். பத்து நாள் குடும்பமே சேர்ந்து கை வைத்துச் செய்கிற வேலை வேறு எந்தப் பண்டிகையிலும் இவ்வளவு இல்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போய் ஒரே நாளில் படி நிறைய பொம்மை வாங்கி அடுக்காதீர்கள். கொலுப் பொம்மைக்கு மதிப்பு அதன் பின்னால் இருக்கும் கதையால் வருகிறது. இது பாட்டி கொடுத்தது, இது பெரியவள் பிறந்த வருடம் வாங்கியது, இது கும்பகோணம் போனபோது சின்னவன் அடம்பிடித்து எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சேதி இருக்க வேண்டும். அதற்கு வருடங்கள் ஆகும், ஆகட்டும்.

பெரியவர்களிடம் ஒரு வார்த்தை

வேலையைத் தொடங்கும் முன் இரு பக்கத்துப் பெரியவர்களிடமும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கலசம் வைக்கும் வழக்கம் உண்டா, எந்தத் திசை பார்த்து வைப்பார்கள், முதல் பொம்மையாக எதை எடுத்து வைப்பார்கள் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். "நம்ம வீட்டில் வழக்கமில்லையே" என்று சிலர் தயங்குவார்கள். தொடங்கினால் வருடா வருடம் விடாமல் வைக்க வேண்டுமே என்ற கவலைதான் அதற்குப் பின்னால் இருக்கும். எந்த வழக்கமும் யாரோ ஒருவர் ஒரு வருடம் தொடங்கியதுதான். சிறியதாக வைத்தால் விடாமல் வைக்க முடியும் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் சம்மதித்துவிடுவார்கள். அப்படியே அவர்கள் காலத்துக் கொலுவைப் பற்றியும் பேச விடுங்கள். அந்தப் பேச்சைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

படி கட்டுவது

படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்: 3, 5, 7, 9, 11. முதல் வருடத்துக்கு மூன்று போதும். மடக்கி வைக்கிற இரும்புப் படிகள் கடையில் கிடைக்கின்றன, ஆனால் முதல் வருடமே வாங்க வேண்டாம். டிரங்குப் பெட்டி, பெஞ்சு, மணைப்பலகை, கெட்டி அட்டைப் புத்தகங்கள் இவையே போதும். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட எட்டு அங்குலமாவது உயரமாக இருந்தால்தான் பின்வரிசைப் பொம்மையின் முகம் தெரியும்.

வெறும் அட்டைப்பெட்டியின் மேல் மண்பொம்மை வைக்காதீர்கள். களிமண் பொம்மை பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும், நாலாம் நாள் பெட்டி நடுவில் குழிந்துவிடும். அட்டைப்பெட்டிதான் இருக்கிறது என்றால் உள்ளே பழைய புத்தகங்களை இறுக்கமாக அடுக்கி, மேலே ஒரு பலகை போடுங்கள். அதன் மேல் வெள்ளை வேட்டியை மேலிருந்து கீழாக விரித்து, ஒவ்வொரு படி மடிப்பிலும் குண்டூசி குத்திவிட்டால் முடிந்தது. சீரியல் பல்பு போடுவதாக இருந்தால் வயரைத் துணிக்கு அடியில் விடாமல் ஓரமாகக் கொண்டுபோங்கள். விளக்கு ஏற்றும் இடம் துணியிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும்.

பொம்மை

சென்னையில் இருந்தால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கு ஒரு நடை போய் வாருங்கள். நவராத்திரி நெருங்கினால் தெருவோரம் முழுக்கப் பொம்மைதான். மதுரைக்காரர்களுக்கு விளாச்சேரி பக்கம், அங்கே செய்பவர்களின் வீட்டு வாசலிலேயே வாங்கலாம். காஞ்சிபுரத்திலும் பண்ருட்டியிலும் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்கிறார்கள். அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையங்களில் வருடந்தோறும் கொலுப் பொம்மைக் கண்காட்சி நடக்கும், அங்கே எல்லா ஊர்ப் பொம்மையையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

களிமண்ணா காகிதக்கூழா என்று கடைக்காரர் கேட்பார். காகிதக்கூழ் எடை குறைவு, மாடி வீட்டுக்கும் அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கும் வசதி. களிமண்ணில் முக லட்சணம் திருத்தமாக வரும். என் விருப்பம் எப்போதும் களிமண்தான், கையில் எடுத்ததும் அந்தக் கனமே ஒரு தனி நிறைவு. வாங்கும்போது கண்ணைப் பாருங்கள். கண் எழுதியது இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் மற்றது எல்லாம் சரியாகவே இருக்கும். அப்புறம் பொம்மையைத் திருப்பி அடிப்பாகம் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

முதல் வருடத்துக்கு ஒரு மரப்பாச்சி ஜோடி, ஒரு பிள்ளையார், மளிகைக் கடை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு செட்டியார் செட்டிச்சி ஜோடி, பிள்ளைகளுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று, இவ்வளவு போதும். மிச்ச இடத்தைப் பூஜை அறையில் இருக்கும் சிறு விக்கிரகங்கள், சொப்புச் சாமான், ஊருக்குப் போனபோது வாங்கி அலமாரியில் கிடக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டி, சன்னபட்டணம் மரப் பொம்மை இவை நிரப்பிவிடும்.

மரப்பாச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செம்மரத்தில் செதுக்கிய ஆண், பெண் ஜோடி இது. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குத் தாய் வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவார்கள். அதைத் துணி உடுத்தாமல் கொலுவில் வைப்பதில்லை. வருடா வருடம் புதிதாக அலங்காரம் செய்ய வேண்டும், அதுதான் இதில் இருக்கிற மகிழ்ச்சியே. ஒரு அடி உயரப் பொம்மைக்கு எட்டு அங்குல அகலமும் ஒரு கஜம் நீளமும் உள்ள துணி தாராளம். கடைத் துணி வேண்டாம். கிழிந்துபோன பழைய பட்டுப்புடவை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும், அதன் கரையோடு சேர்த்து வெட்டுங்கள். முதலில் இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, துணியின் ஒரு முனையை அதில் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி, விரல் அகலத்துக்கு ஐந்தாறு கொசுவம் வைத்து, அதையும் நூலுக்குள் செருகி, மிச்சத்தைத் தோளுக்கு மேல் முந்தானையாகப் போடுங்கள். துணி நிற்காமல் நழுவினால் ஒரு தையல் போதும். பசை மட்டும் கூடாது, மரத்தில் கறை பிடித்துவிடும். அத்தையின் கல்யாணப் புடவையில் ஒரு துண்டு மரப்பாச்சியின் இடுப்பில் இருக்கிறது என்று அத்தைக்குத் தெரிந்தால், அவர் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் கொலு பார்க்க வருவார்.

வைக்கும் நாளும் வரிசையும்

மகாளய அமாவாசையன்று படிகளை அமைத்து, ஒரு பொம்மையை மட்டுமாவது எடுத்து வைத்துவிடுவது வழக்கம். மறுநாள் பிரதமையில் நவராத்திரி தொடங்கும். கலசம் வைப்பவர்கள் சொம்பில் நீர் நிரப்பி, மாவிலை செருகி, மஞ்சள் பூசிய தேங்காயை மேலே வைப்பார்கள்.

ஒன்பது படி வைக்கும் வீடுகளில் கீழ்ப்படியில் செடி கொடி, அதற்கு மேல் சங்கு, நத்தை, பிறகு எறும்பு, பிறகு நண்டு, வண்டு, அதற்கு மேல் விலங்கும் பறவையும், ஆறாம் படியில் மனிதர்கள், அப்புறம் மகான்கள், தேவர்கள், உச்சியில் அம்பிகையோடு மும்மூர்த்திகள் என்று உயிர்கள் ஏறிக்கொண்டே போகும். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பிரித்த தொல்காப்பிய மரபியலிலும் இதே வரிசைதான். மூன்று படிக்கு இதைச் சுருக்கிக்கொள்ளுங்கள்: மேலே தெய்வங்கள், நடுவில் மனிதர்கள், கீழே விலங்கும் பறவையும். செட்டியார் கடை கீழ்ப்படி ஓரத்தில் இருக்கட்டும். சின்னக் கிண்ணங்களில் அரிசி, துவரம்பருப்பு, வெல்லம், மிளகு என்று நிஜச் சரக்கையே நிரப்பி அவர் முன்னால் வையுங்கள். வெல்லம் மட்டும் எறும்பு வரும், தினம் மாற்றுங்கள்.

பார்க்

படிக்கு முன்னால் தரையில் அமைப்பதுதான் பார்க். இதை முழுவதும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். பெரியவர்கள் செய்தால் அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் வளர்ந்த பிறகு கொலு என்றதும் அவர்களுக்கு ஞாபகம் வரப்போவது அவர்கள் கையால் செய்த இந்த இரண்டடி இடம்தான்.

புல்வெளிக்கு ஒரு வாரம் முன்பே விதை போட வேண்டும். அகலத் தட்டில் இரண்டு அங்குலம் மண் பரப்பி, ஈரமாக்கி, முதல் நாள் இரவு ஊறவைத்த கேழ்வரகையோ கடுகையோ நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் தூவுங்கள். தண்ணீரைக் கையால் தெளிக்க வேண்டும், ஊற்றினால் விதையெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். முதலில் வெள்ளை முளை தெரியும், அப்புறம் பச்சை ஏறும். முதல் முளையைப் பார்க்கப் பிள்ளைகள் காலையில் பல் விளக்காமல் ஓடுவார்கள், ஓடட்டும். கொலு தொடங்கும்போது விரல் நீளத்துக்குப் பசேல் என்று நிற்கும். கடுகு நீளமாக வளர்ந்து சாயும், கத்தரிக்கோலால் நுனியை வெட்டிவிடலாம்.

குளத்துக்கு ஒரு பழைய முகம் பார்க்கும் கண்ணாடி, சுற்றிலும் ஆற்றுமணல். மலைக்குக் கசக்கிய பழுப்புக் காகிதம். தெப்பக்குளம், தேர் வீதி, கிரிக்கெட் மைதானம், மெட்ரோ ரயில், பாட்டி ஊர்க் கிணற்றடி என்று என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். பொம்மைக் கார் கோவில் வாசலில் நின்றாலும் டைனோசர் தெப்பத்தில் இறங்கினாலும் திருத்தாதீர்கள்.

அழைப்பும் சுண்டலும்

ஒன்பது நாளும் எல்லாரையும் அழைக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு மாலையை மட்டும் குறித்துக்கொண்டு அழைக்கலாம். நேரில் போய் வாசலில் குங்குமம் கொடுத்து அழைப்பதற்கு ஈடு கிடையாது, பக்கத்து வீடுகளுக்காவது பிள்ளைகளைப் பாவாடை சட்டை போட்டு அனுப்புங்கள். வருபவர்களை ஒரு பாட்டுப் பாடச் சொல்வது பழைய வழக்கம். கூச்சப்படுவார்கள், இரண்டு தடவை கேளுங்கள்.

கொண்டைக்கடலைச் சுண்டலுக்குக் கால் கிலோ கடலை எடுத்தால் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். முதல் நாள் இரவே ஊறவைத்து, குக்கரில் நாலைந்து விசில் விட்டு, விரலால் நசுக்கினால் நசுங்கும் பதத்தில் இறக்கி, தண்ணீரை வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு ஆகும். எண்ணெயில் கடுகு, கிள்ளிய மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கடலையும் உப்பும் போட்டுப் புரட்டி, அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்த் துருவல் சேருங்கள். நைவேத்தியம் என்பதால் வெங்காயம் பூண்டு கிடையாது. மற்ற நாட்களுக்குப் பட்டாணி, மொச்சை, காராமணி, பாசிப்பயறு, கடலைப்பருப்பு என்று மாற்றிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை புட்டு. தாம்பூலத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பழம் இருந்தால் போதும்.

கொலு நோட்டு

ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, வருடத்துக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். புதிதாக வந்த பொம்மை எது, யார் வாங்கியது, எந்த ஊர், என்ன விலை, பார்க்கில் என்ன செய்தோம், யார் யார் வந்தார்கள், யார் என்ன பாடினார்கள், எந்த நாள் எந்தச் சுண்டல். எழுதத் தெரிந்த பிள்ளையே எழுதட்டும், எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். இன்னும் எழுதப் படிக்காத குழந்தை ஒரு பொம்மையை வரையட்டும். பெரியவர்கள் போனில் சொன்னதிலிருந்து நாலு வரியை அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் வருடத்தையும் வாங்கியவர் பெயரையும் பென்சிலால் குறித்துவிடுங்கள். மண்பொம்மையின் அடிப்பாகம் வண்ணம் பூசாமல் இருக்கும், நன்றாக எழுதலாம். படிக்கு முன்னால் குடும்பமாக உட்கார்ந்து ஒரு போட்டோ, ஒவ்வொரு வருடமும் அதே வரிசையில். பிரிண்ட் போட்டு நோட்டில் ஒட்டிவிடுங்கள், போனிலேயே விட்டால் தேட வேண்டியதுதான்.

எடுத்து வைப்பது

ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜையில் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்போம். அன்று படிக்கக் கூடாது என்பதால் பிள்ளைகளுக்குப் பரம சந்தோஷம். விஜயதசமியன்று காலையில் புத்தகத்தை எடுத்துக் கொஞ்சமாவது படிக்க வைத்துவிடுங்கள். அன்று இரவு ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையை மட்டும் படுக்க வைக்க வேண்டும். மறுநாள் மற்றவற்றை எடுக்கலாம்.

மண்பொம்மையையும் காகிதக்கூழ் பொம்மையையும் ஈரத்துணியால் துடைத்தால் வண்ணம் கையோடு வந்துவிடும். காய்ந்த மெல்லிய பிரஷால் தூசு தட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, அதற்கு மேல் செய்தித்தாள் சுற்றுங்கள். கை, மூக்கு, கிரீடம் போல நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இன்னும் ஒரு மடிப்பு அதிகம். கனமானவை பெட்டியின் அடியில், இடையில் காய்ந்த வேப்பிலை, ஓரத்தில் கொஞ்சம் வசம்பு. பெட்டிக்கு எண் போட்டு, எந்தப் பெட்டியில் எந்தப் பொம்மை என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுப் பரணில் ஏற்றுங்கள். நோட்டை மட்டும் பெட்டியோடு ஏற்றாமல் புத்தக அலமாரியில் வையுங்கள். நடுவில் ஊருக்குப் போகும்போது ஒரு பொம்மை கண்ணில் பட்டு வாங்கினால், அன்றைக்கே அதில் எழுதிவிடலாம்.