ஜூடி ப்ளூமை எங்கிருந்து தொடங்குவது?

சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் என்றாலே எல்லோரும் 'ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்' நாவலைத்தான் முதலில் நீட்டுவார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். புத்தகங்கள் வெளியான வரிசையை விட்டுவிட்டு, அவர் வளர்ந்த வரிசையில் படியுங்கள்.

முதலில் 'ஸ்டாரிங் சாலி ஜே. ஃப்ரீட்மன் ஆஸ் ஹெர்செல்ஃப்' (1977). ப்ளூம் 1938-இல் நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில், யூதக் குடும்பத்தில், ஒரு பல் மருத்துவருக்கு மகளாகப் பிறந்தவர். அண்ணனின் உடல்நலத்துக்காகச் சிறு வயதில் ஃப்ளோரிடாவின் மயாமி பீச் நகரில் போய் இருந்தார். பத்து வயது சாலியின் கதையும் அதுதான். வருடம் 1947. உறவுக்காரப் பெண் ஒருத்தி டாஹாவ் என்ற நாஜி வதை முகாமில் இறந்தது சாலிக்குத் தெரியும். குடியிருப்பில் இருக்கும் ஒரு கிழவர்தான் மாறுவேடத்தில் ஒளிந்திருக்கும் ஹிட்லர் என்று அவளாகவே முடிவுகட்டி, அவருக்குக் கடிதம் எழுதுகிறாள், ஒன்றையும் அனுப்புவதில்லை. சிரித்துக்கொண்டே படிப்பீர்கள், ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதும் கூடவே உறைக்கும். அவருடைய புத்தகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அவசரப்படாமல் படியுங்கள்.

அப்புறம் 'இன் தி அன்லைக்லி இவென்ட்' (2015). இது பெரியவர்களுக்கானது. 1951 டிசம்பருக்கும் 1952 பிப்ரவரிக்கும் இடையில் எலிசபெத்தில் மூன்று விமானங்கள் விழுந்தன, அதைச் சுற்றித்தான் நாவல். இறந்தவர்களைப் பல்லை வைத்து அடையாளம் காண ப்ளூமின் அப்பாவையும் கூப்பிட்டார்கள். பாத்திரங்கள் ஏகப்பட்டது, பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

இப்போது மார்கரெட்டுக்கு (1970) வரலாம். அவளுடைய அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர். மகளுக்கு எந்த மதமும் சொல்லித்தரவில்லை. அவள் கோயில் கோயிலாகப் போய்ப் பார்க்கிறாள், கடவுளிடம் மட்டும் தனியாகப் பேசுகிறாள். மாதவிடாய் பற்றிய பேச்சுதான் புகழ்பெற்றது என்றாலும், சாலியைப் படித்துவிட்டு வந்தால் அவள் யூதப் பெண்ணாக வளர வேண்டும் என்ற பாட்டி சில்வியாவின் ஆசை இன்னும் நன்றாகப் புரியும். பழைய பதிப்பில் பெல்ட் வைத்த நாப்கின் வரும். பிந்தைய பதிப்புகளில் அதை மாற்றிவிட்டார்கள். கிடைத்தால் பழையதையே எடுங்கள்.

'ஃபார்எவர்' (1975) கடைசியில். காதலித்து உடலுறவு கொண்ட பிள்ளைகள் யாரும் சாகாத ஒரு கதை வேண்டும் என்று ப்ளூமின் மகள் கேட்டதால் பிறந்த நாவல் இது. 2024-இல் அமெரிக்காவின் யூட்டா மாநில அரசுப் பள்ளிகளில் முதன்முதலாகத் தடைசெய்யப்பட்ட பதின்மூன்று புத்தகங்களில் இதுவும் ஒன்று. வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். கேள்விகள் கட்டாயம் வரும்.