பிக்அப்பில் டிரெய்லர் மாட்டுகிறீர்களா? முதலில் கதவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் பிக்அப் வாங்கப் போனால் விற்பனையாளர் முதலில் சொல்வது, வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான். "பத்தாயிரம் பவுண்டு தாராளமாக இழுக்கும்" என்பார். அதை நம்பி 7,000 பவுண்டு கேம்பிங் டிரெய்லரை வாங்கிவிட்டு, இன்னும் 3,000 பவுண்டு மிச்சம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஃபோர்டு எஃப்-150, ராம் 1500 போன்ற, 'அரை டன்' ரகம் என்று சொல்லும் பிக்அப்களில் பெரும்பாலும் இழுக்கும் திறனுக்கு முன்பே சுமக்கும் திறன் தீர்ந்துவிடும்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற வரியும் அதில் உண்டு. அதுதான் பேலோடு. விளம்பரத்தில் போடும் எண்ணை மறந்துவிடுங்கள். சன்ரூஃப், பெரிய கேபின், நான்கு சக்கர டிரைவ் என்று சேரச் சேர, ஒரே மாடலிலேயே இது வண்டிக்கு வண்டி குறையும்.

ஸ்டிக்கரில் 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம், இரண்டையும் இணைக்கும் ஹிட்ச் வழியாகப் பிக்அப்பின் மேல் இறங்கும். 7,000 பவுண்டில் 13 சதவீதம் என்றால் 910. இறங்கும் எடையை மற்ற ஆக்ஸில்களுக்கும் பகிர்ந்து தரும் ஹிட்ச் சாமான் ஒரு 80. டிரைவரோடு சேர்த்து நான்கு பேர் கொண்ட குடும்பம் 550. மொத்தம் 1,540. ஐஸ் பெட்டியும் விறகும் ஏற்றுவதற்கு முன்பே அளவு தாண்டிவிட்டது! டிரெய்லரை மட்டும் கணக்கில் எடுத்து, பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளை மறந்துவிடுவது நம்மில் பலர் செய்யும் தவறு.

டிரெய்லரின் காலி எடையை வைத்துக் கணக்குப் போடுவதும் அப்படித்தான். 40 காலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டுக்கு மேல். அதனால் டிரெய்லரின் தகட்டில் இருக்கும் அதிகபட்ச எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்ச் மாட்டும் ரிசீவருக்கும் தனி வரம்பு உண்டு. பல வண்டிகளில் எடைப் பகிர்வு ஹிட்ச் இல்லாமல் 500 பவுண்டு பாரத்துக்கு மேல் கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கும். எல்லா வரம்புகளிலும் எது முதலில் எட்டுகிறதோ, அங்கே நின்றுவிட வேண்டும்.

சரி, ஹிட்ச் பாரத்தைக் குறைக்க டிரெய்லரின் பின்பக்கம் சாமானை அடுக்கலாமா? தயவுசெய்து வேண்டாம், இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரிலும் அதே கதைதான். பின்பாரம் கூடினால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல ஆட ஆரம்பித்து, பிக்அப்பையும் சேர்த்து இழுத்துவிடும். முன்பாரம் அளவுக்கு மீறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரங்களில் பிடிப்பு குறையும், ஸ்டீயரிங் லேசாகிவிடும்.

பின்பக்கம் அமுங்குகிறதே என்று காற்று நிரப்பும் ஏர் பேக் ஸ்பிரிங் போடுகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஆக்ஸில், டயர், பிரேக் எல்லாம் பழையவைதான். பேலோடு ஒரு பவுண்டுகூட அதிகரிக்காது.

கணக்கு எவ்வளவு போட்டாலும் ஒருமுறை எடை போட்டுப் பார்ப்பதற்கு ஈடாகாது. நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கிறது. முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். குடும்பம், சாமான், நிரம்பிய டேங்க் எல்லாவற்றோடும் போங்கள். பயணம் போவது போலவே ஒருமுறை எடை போட்டு, ஒவ்வொரு ஆக்ஸிலின் எடையையும் கதவில் இருக்கும் வரம்போடு ஒப்பிடுங்கள். அப்புறம் எடைப் பகிர்வுக் கம்பிகளைத் தளர்த்திவிட்டு ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை எடை போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி இரண்டு முறையும் பிக்அப்பின் இரு ஆக்ஸில்களும் காட்டிய மொத்தத்துக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஹிட்ச் மேல் உண்மையில் இறங்கும் பாரம்.