திறன் பாடம் வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலை அறிவியல் கல்லூரியில் பட்டப்படிப்பின் பெரும்பங்கு முதன்மைப் பாடத்துக்குப் போய்விடுகிறது. தெளிவாக எழுதுவது, அச்சமின்றிப் பேசுவது, எண்களைப் புரிந்து படிப்பது, கையில் வந்த தகவலைச் சரிபார்ப்பது போன்ற பொதுத் திறன்களுக்கு மிஞ்சுவது சிறிய இடம்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம், மூன்றாண்டுப் பட்டத்துக்கான 120 கிரெடிட்டில் (கற்கும் நேரத்தைக் கொண்டு பாடத்தின் எடையைக் காட்டும் அளவு) மொழித் திறனுக்கு 8, திறன் மேம்பாட்டுக்கு 9, பல்துறைப் பாடங்களுக்கு 9 என ஒதுக்கியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இவற்றை ஒத்த திறன் பாடங்களைப் பெரும்பாலும் மொழிப் பாடங்களுக்கும் முதன்மைப் பாடங்களுக்கும் அடுத்து வரும் பகுதி 4-இல் பார்க்கலாம். கிரெடிட் குறைவு என்ற காரணத்தாலேயே இவற்றின் பாடத்திட்டம் பல இடங்களில் பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் அவசர அவசரமாக எழுதப்படுகிறது. வேலைக்குப் போன முதல் நாளிலேயே மாணவருக்குத் தேவைப்படுபவை இந்தத் திறன்கள்தான். அதனால் இந்த அலட்சியத்தை என்னால் சிறு விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

திறனைப் பற்றிய பாடத்தைத் திறன் பாடமாக எண்ணுவது

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். 'தகவல் தொடர்புத் திறன்' என்று ஒரு பாடம் இருக்கும். முதல் அலகில் தகவல் தொடர்பின் இலக்கணமும் வகைகளும், இரண்டாவதில் தடைகள், மூன்றாவதில் உடல்மொழி என்று ஐந்து அலகுகளும் நிரம்பிவிடும். பருவத் தேர்வில் 'தகவல் தொடர்பின் தடைகளை விளக்குக' என்று கேள்வி வரும். ஒரு மாணவி ஏழு தடைகளையும் வரிசையாக எழுதி 75-க்கு 60 வாங்கிவிடுவார். அந்தப் பருவம் முழுக்க அவர் ஒருமுறைகூட எழுந்து நின்று பேசியிருக்க மாட்டார். அவரிடம் இருக்கும் சான்றிதழோ, பேசத் தெரிந்தவர் என்று சொல்லும்.

சுற்றுச்சூழல் கல்வியின் கதை இன்னும் வேதனையானது. 1991-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவில் தொடங்கி, எல்லா இளநிலை மாணவர்களுக்கும் கட்டாயமாக வந்த பாடம் அது. மானியக் குழு அதற்கென வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டம் நல்ல வடிவமைப்பு. அதன் எட்டாவது அலகு முழுவதும் களப்பணி: அருகிலுள்ள ஆற்றையோ காட்டையோ மலையையோ பார்த்து ஆவணப்படுத்துவது, மாசடைந்த இடம் ஒன்றுக்குப் போய்வருவது, அக்கம்பக்கத்துச் செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் கவனிப்பது. 100 மதிப்பெண்ணில் 25 அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பல கல்லூரிகளில் முதலில் கைவிடப்பட்டதும் அந்த அலகுதான். ஏரிக்கரைக்குப் போக வேண்டிய மாணவர்கள், முந்தைய ஆண்டின் பதிவேட்டைப் பார்த்து எழுதி அட்டை போட்டுக் கொடுத்தார்கள். மற்ற ஏழு அலகுகளும் மனப்பாடத்துக்குள் அடங்கிவிட்டன. கவனித்துப் பதிவுசெய்யும் திறனுக்கு அந்தப் பாடத்தில் இருந்த ஒரே வாசல் மூடப்பட்டுவிட்டது.

ஆகவே பாடம் வகுக்கும்போது அலகுத் தலைப்புகளைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பருவ முடிவில் மாணவர் தன் கையால் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். அந்த வேலைக்கு எவை தேவையோ அவை மட்டும் அலகுகளில் இடம்பெறட்டும்.

வேலையை மங்கலாக விடுவது

'மாணவர் பகுத்தாய்வுச் சிந்தனையை வளர்த்துக்கொள்வர்' என்று எழுதிவைத்தால் அதை யாராலும் அளக்க முடியாது. கலைப்பிரிவு மாணவர்களுக்கு எண்களைப் படிக்கக் கற்றுத்தரும் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு இப்படி ஒரு கேள்வி போதும்: 'பணவீக்கம் 7 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. அப்படியானால் அரிசி விலை குறைந்துவிட்டதா? பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியும்படி ஒரு பத்தியில் விளக்குக.'

குறைந்துவிட்டது என்று எழுதுபவர் முதல் நிலையில் இருக்கிறார். விலைகள் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன, ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது என்பவர் இரண்டாம் நிலை. 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள்கள் முதல் ஆண்டில் 107 ரூபாயும் அடுத்த ஆண்டில் 112 ரூபாய் 35 காசும் ஆகும் என்று கணக்கிட்டுக் காட்டுபவர் மூன்றாம் நிலை. இதோடு, பணவீக்கம் பல பொருள்களின் சராசரி என்பதால் அதை மட்டும் வைத்து அரிசி விலையைச் சொல்ல முடியாது என்று எழுதுபவர் நான்காம் நிலைக்கு வந்துவிட்டார். இந்த நான்கு நிலைகளையும் பருவத் தொடக்கத்திலேயே மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒன்று 2009-இல் எழுத்து, பேச்சு, எண்ணறிவு முதலிய திறன்களுக்கு இதே போன்ற நான்கு நிலை அளவுகோல்களை வெளியிட்டது. அவற்றை அப்படியே எடுத்துப் போட வேண்டியதில்லை. நம் மாணவர்களின் முப்பது விடைத்தாள்களைப் பரப்பிவைத்துத் தரம் பிரித்தால், நமக்கான அளவுகோல் அவற்றிலிருந்தே கிடைக்கும்.

வேலைக்கான பொருள் தேடி எங்கும் அலைய வேண்டாம். மின் கட்டண அட்டையே ஒரு மாதம் நடத்தப் போதுமானது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கீழ்ப்படியில் இருக்கும் சில யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் வந்துவிடுகிறது. 495 யூனிட்டுக்கும் 505 யூனிட்டுக்கும் இடையே தொகை ஏன் துள்ளுகிறது என்று தன் வீட்டு அட்டையை வைத்தே ஒரு வரலாற்று மாணவர் விளக்கிவிட்டால், அவருக்குச் சதவீதமும் படிநிலை விகிதமும் வாழ்நாளுக்கும் மறக்காது.

மணிக்கணக்கைப் போட்டுப் பார்க்காதது

வகுப்பறையில் ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேரம். செய்முறை என்றால் 30 மணி நேரம். இரண்டு கிரெடிட் பேச்சுத்திறன் பாடத்தில் 60 மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் வீதம் மூன்று முறை பேசினால் 900 நிமிடம், அதாவது 15 மணி நேரம். மொத்தம் உள்ள 30 மணியில் பாதி அதற்கே போய்விடும். ஒருவர் பேசும்போது மற்ற 59 பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கணக்கைப் போடாமல் 'ஒவ்வொரு மாணவரும் ஐந்து முறை உரையாற்றுவர்' என்று பாடத்திட்டத்தில் எழுதினால், அது ஏட்டோடு நின்றுவிடும்.

நான்கு பேர் கொண்ட 15 குழுக்களாக வகுப்பைப் பிரித்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஒருவர் ஐந்து நிமிடம் பேச, மற்ற மூவர் மூன்று நிமிடம் கருத்துச் சொன்னால், 32 நிமிடத்தில் வகுப்பு முழுவதும் பேசி முடித்திருக்கும். ஆசிரியர் அன்று இரண்டு குழுக்களோடு உட்கார்ந்து கேட்கலாம். சத்தம் அதிகமாக இருக்கும். அதைத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

எழுத்துக்கும் இதே கணக்குதான். ஐந்து அசைன்மென்ட் வாங்கி ஐந்திலும் சிவப்பு மையில் கையெழுத்து மட்டும் போடுவதைவிட, இரண்டே கட்டுரைகளைத் தலா இரண்டு முறை எழுதச் செய்வது மேல். முதல் வரைவில் ஆசிரியர் குறிப்பிட்ட குறை இரண்டாவதில் சரியாகியிருக்கிறதா என்பதற்குத்தான் மதிப்பெண் போக வேண்டும். திருத்தி எழுதும் வாய்ப்பே இல்லாத பாடத்தில் யாரும் எழுதக் கற்றுக்கொள்வதில்லை.

தேர்வும் இதற்கேற்ப மாற வேண்டும். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண் இருக்கும்வரை, வகுப்பில் என்ன நடந்தாலும் மாணவரின் கண் கைடு புத்தகத்தின் மேல்தான் இருக்கும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தேர்வுமுறையை வகுத்துக்கொள்ளும் சுதந்திரம் உண்டு. அதைத் திறன் பாடங்களுக்காவது பயன்படுத்தலாம்.

அட்டவணைக்கும் பணிச்சுமைக்கும் இரையாவது

கற்றல் விளைவுகளையும் பட்ட இலக்குகளையும் பொருத்தும் அட்டவணையை எல்லோரும் கடைசியில்தான் நிரப்புகிறார்கள். எல்லாக் கட்டத்திலும் உச்ச அளவான 3 போட்டுவிட்டால் குழுவில் கேள்வி எழாது. இரண்டு கிரெடிட் பாடம் ஒன்று தலைமைப் பண்பு, அறநெறி, ஆய்வுத்திறன், குழுப்பணி அனைத்தையும் உச்ச அளவில் தரும் என்பதை யாராலும் நம்ப முடியாது. ஒரு திறனுக்கு 3, துணையாக இன்னொன்றுக்கு 2, மற்றவை வெறுமையாக இருக்கட்டும்.

பிற துறை மாணவருக்கான விருப்பப் பாடம் என்ற பெயரில் முதன்மைப் பாடத்தின் முதல் இரண்டு அலகுகளை வெட்டிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. துறைக்குப் பணிச்சுமைக் கணக்கு நேராகிறது. வணிகவியல் மாணவருக்கு எஞ்சுவது வேதியியலின் சில வரையறைகள். அவர் வீட்டுக் குடிநீரைச் சோதித்துப் பார்க்கவும், உணவுப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ளவும் அதே துறையால் கற்றுத்தர முடியும்.

திறனுக்கு ஆங்கிலம்தான் மொழி என்று முடிவுகட்டுவது

ஆங்கிலம் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் தமிழ்வழியில் படித்துவந்த மாணவரிடம் முதல் பருவத்திலேயே ஆங்கிலத்தில் வாதத்தைக் கட்டமைக்கச் சொன்னால், வாதம் வரவில்லையா மொழி வரவில்லையா என்று ஆசிரியருக்கே தெரியாமல் போய்விடும். முதல் வரைவைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கூற்று, சான்று, மறுப்பு என மூன்றும் அதில் நேராகட்டும். அதே கட்டுரை அடுத்த பருவத்தில் ஆங்கிலத்துக்குப் போகலாம். ஊராட்சித் தலைவருக்கு மனு எழுதுவதும், வங்கி மேலாளருக்குப் புகார்க் கடிதம் எழுதுவதும், கூட்டக் குறிப்பு எடுப்பதும் தமிழிலேயே சொல்லித்தர வேண்டியவை. பகுதி 1 தமிழ்ப் பாடத்தில் இலக்கியத்துக்குப் பக்கத்திலேயே இவற்றுக்கும் இடம் உண்டு.

பாடத்திட்டக் குழுவுக்கு அனுப்பும்போது அலகுகளோடு இரண்டு தாள்களைச் சேர்த்து இணையுங்கள்: மாணவர் செய்யப்போகும் முக்கிய வேலையின் முழு வாசகம், அதற்கான நான்கு நிலை அளவுகோல். அந்தத் திறனை அடுத்தடுத்த பருவங்களில் எந்த முதன்மைப் பாடம் கேட்டு வாங்கப்போகிறது என்பதையும் அந்தப் பாட ஆசிரியரிடம் பேசி ஒரு வரியில் எழுதிவிடுங்கள். முதல் பருவத்தில் சான்று காட்டி எழுதக் கற்றவர், ஐந்தாம் பருவத் திட்டக் கட்டுரைவரை அதைத் தொடாமல் இருந்தால் மறுபடியும் தொடக்கத்திலிருந்துதான் கற்றுத்தர வேண்டியிருக்கும்.